ஓடத் தெரிந்த குட்டியும் நிற்கத் தெரிந்த நாயும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நன்றி என்னும் குணமே. நாலடியார் யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்வதும் அந்தக் குணத்தை முன்னிட்டுத்தான். நமது கதைகளில் வரும் நாய் வாசலில் படுத்திருக்கும். எசமானைக் கண்டால் வாலாட்டும். அந்நியனைக் கண்டால் குரைக்கும். அதற்கு மேல் அதனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால், நன்றி என்ற ஒரு சொல்லால் அளக்க முடியாத நாய்களும் உள்ளன. அவற்றுக்குச் சோறும் வேண்டும், அன்பும் வேண்டும். அவை இரண்டும் கிடைத்த பின்னரும் அவற்றின் கண்கள் எதையோ தேடிக்கொண்டிருக்கும். அவை தேடுவது வேலையை. மந்தை மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட அந்த நாய்களுள் முதன்மையானது போடர் கொலி என்னும் இனம். அந்த இனத்துக் குட்டியொன்றை வளர்ப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள். இலக்கியத் தொடரில் நாய் வளர்ப்பா என்று நேயர்கள் வியக்கக்கூடும். இவ்விடயத்தை மிக நன்றாக அறிந்திருந்தவர்களுள் இருவர் எழுத்தாளர்கள் என்பதே அதற்கு என் விடை.

எல்லைப்புறத்து நாய்

போடர் என்றால் எல்லை. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம் குன்றுகளும் புல்வெளிகளும் நிறைந்தது. அங்கே ஒரு மேய்ப்பனின் ஆடுகள் மைல் கணக்கான பரப்பில் சிதறி மேயும். அவற்றை ஒன்றுசேர்க்க ஒரு மனிதனின் கால்கள் போதா. ஆகவே, தொலைவில் சுற்றிச் சென்று, ஆடுகளைக் கடிக்காமல், குரைத்துக் கலைக்காமல் அழைத்துவரும் நாய் அங்கே தேவைப்பட்டது.

இன்றைய போடர் கொலிகள் பெரும்பாலும் ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும். 1893 ஆம் ஆண்டு நோதம்பர்லாந்தில் அடம் ரெல்பர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்ற நாயே அது. 'ஓல்ட் ஹெம்ப்' என்று வரலாறு அதனைக் குறிப்பிடும். அதன் தந்தை எல்லோருடனும் பழகும் இயல்புடையது. தாயோ கூச்சம் மிக்கது, ஆனால் பார்வையில் வலிமை உடையது. ஹெம்ப் ஓசையின்றி வேலை செய்தது. தலையைத் தாழ்த்தி, உடலைப் பதித்து, கண்ணை ஆட்டின் மேல் ஊன்றி நகர்ந்தது. கடியாலன்றிப் பார்வையாலேயே மந்தையை நகர்த்திய அந்தப் பண்பை மேய்ப்பர்கள் விரும்பினார்கள். அதன் வழியில் பிறந்த குட்டிகள் நாடெங்கும் பரவின.

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? ஓநாய் வேட்டையாடும்போது இரையை உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மனிதன் இந்தச் சங்கிலியை இடையில் அறுத்தான். நோக்குதல், பதுங்குதல், துரத்துதல் என்ற முதல் மூன்று கண்ணிகளையும் வளர்த்தெடுத்து, கவ்வுதலையும் கொல்லுதலையும் மங்கச் செய்தான். மேய்ச்சல் நாய் என்பது முடிவு நீக்கப்பட்ட ஒரு வேட்டை என்று சொல்லலாம். எட்டு வாரத்தில் உங்கள் மடியில் வந்து உறங்கும் கறுப்பும் வெள்ளையுமான குட்டிக்குள்ளே அந்த வேட்டை முழுவதும் உறங்குகிறது.

ஹார்டி காட்டிய குட்டி

அது விழித்தெழும்போது என்ன நேரும் என்பதை ஆங்கில நாவலாசிரியர் தொமஸ் ஹார்டி, 1874 இல் வெளியான 'பார் புறொம் த மடிங் கிறவுட்' நாவலின் தொடக்க அத்தியாயங்களிலேயே காட்டிவிடுகிறார். அவர் கூறும் நாய் தென் இங்கிலாந்தின் இடையர் நாய். போடர் கொலி என்று சொல்ல முடியாது. எனினும் தொழிலும் இயல்பும் ஒன்றே.

கேப்ரியல் ஓக் என்ற இளைஞன் சிறுகச் சிறுகச் சேமித்து, ஒரு சிறிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். ஆடுகளுக்குரிய பணம் இன்னும் முற்றாகக் கொடுபடவில்லை, காப்புறுதியும் இல்லை. அவனிடம் இரண்டு நாய்கள். மூத்தது ஜோர்ஜ், அனுபவசாலி. மற்றது ஜோர்ஜின் மகன் என்று கருதப்படும் இளநாய். ஆடுகளின் பின்னால் ஓடுவதற்கே தன்னை வைத்திருக்கிறார்கள் என்பது அந்த இளநாய்க்கு விளங்கியிருந்தது. ஆகவே, எவ்வளவு ஓடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்று அது முடிவு செய்துவிட்டது. எந்த இடத்தில் போதும் என்று நிற்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஒரு நாள் இரவு ஓக் வழக்கம்போல் நாய்களைக் கொட்டிலில் அடைப்பதற்காகக் கூப்பிடுகிறான். மூத்தது மட்டும் வருகிறது. இளையது குன்றின் மேல் செத்த ஆட்டுக்குட்டியொன்றைத் தின்று முடிக்கவில்லைப் போலும் என்று எண்ணிக்கொண்டு, பல நாட்களின் பின் கிடைத்த கட்டிலில் அவன் படுத்துவிடுகிறான். விடியற்காலையில் ஆட்டு மணிகள் என்றுமில்லாதவாறு ஒலிக்கின்றன. ஓடிப்போய்ப் பார்க்கிறான். குட்டிகளோடு வேறிடத்தில் அடைத்திருந்த ஐம்பது ஆடுகள் அப்படியே நிற்கின்றன. ஏனைய இருநூறைக் காணவில்லை. வேலி முறிந்து கிடக்கிறது. சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளத்தின் விளிம்பில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு, இளநாய் அசையாமல் நிற்கிறது. கீழே இருநூறு சினை ஆடுகள் விழுந்து கிடக்கின்றன. அன்று நண்பகலில் அந்த நாய் சுடப்படுகிறது. ஓக் அனைத்தையும் இழந்து கூலிக்கு வேலை தேடிப் புறப்படுகிறான். நாவலின் கதை அங்கிருந்துதான் நகர்கிறது.

இந்நிகழ்ச்சியில் நாயின் பங்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அது சோம்பியிருக்கவில்லை. தனக்கு விதித்த வேலையைத் தன் முழு வலிமையோடும் செய்தது. குட்டிப் பருவத்தில் நாம் மெச்சி ரசிக்கும் துடிப்பும் வேகமும் விடாப்பிடியுமே இருநூறு உயிர்களை விழுங்கின.

ஹொக் கண்ட நாய்

இதற்கு நேர்மாறான ஒரு நாயை ஜேம்ஸ் ஹொக் நமக்குத் தந்திருக்கிறார். ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறத்து எற்றிக் பகுதியில் 1770 இல் பிறந்த ஹொக், தாமே மேய்ப்பராக வாழ்ந்தவர். 'எற்றிக் மேய்ப்பன்' என்பதே இலக்கிய உலகில் அவருக்கு வழங்கிய பெயர். 1829 இல் நூலாக வந்த 'த ஷெப்பர்ட்ஸ் கலண்டர்' என்னும் தொகுப்பில் அவர் தம் நாயான சிறாவைப் பற்றி எழுதுகிறார்.

மாடு ஓட்டிச் சென்ற ஒருவன் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்ற, பட்டினியால் மெலிந்த நாயை ஹொக் ஒரு கினி கொடுத்து வாங்கினார். அப்போது அதற்கு ஏறக்குறைய ஒரு வயது. மேய்ச்சல் வேலை எதுவும் அறியாதது. ஆனால், எசமானுக்கு எது வேண்டும் என்பதைக் கண்டறிவதில் அது காட்டிய ஆர்வத்தை ஹொக் வியந்து எழுதுகிறார். ஒரு வழி சரிவராவிட்டால் நின்று, யோசிப்பதுபோல் அவரைப் பார்த்து, மற்றொரு வழியை முயலும். ஒருமுறை விளங்கிக்கொண்டதைப் பின்னர் மறக்காது.

தாயிடமிருந்து பிரித்த எழுநூறு ஆட்டுக்குட்டிகள் ஒருநாள் நள்ளிரவில் மிரண்டு, மூன்று பிரிவாகச் சிதறி மலைகளுக்குள் ஓடிவிட்டன. கும்மிருட்டு. எல்லாம் போய்விட்டன என்று ஹொக் நாயிடம் சொன்னார். கட்டளையாக அல்ல, மனவருத்தத்தோடு. நாய் இருளில் மறைந்தது. ஹொக்கும் உதவியாளும் இரவு முழுவதும் தேடி, ஒன்றும் அகப்படாமல், விடியும் வேளையில் எசமானுக்கு என்ன சொல்வது என்ற கவலையோடு திரும்பினர். வழியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் அடியில் குட்டிகள் திரளாக நிற்பதைக் கண்டனர். முன்னால் சிறா காவல் நின்றது. சிதறிய பிரிவுகளுள் ஒன்றைத்தான் காத்து நிற்கிறது என்று முதலில் எண்ணினார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை. இருளில் மூன்று பிரிவுகளையும் அது எவ்வாறு ஒன்றுசேர்த்தது என்பது தமக்கு விளங்கவே இல்லை என்கிறார் ஹொக்.

ஒரு நாய் இரவோடிரவாக இருநூறு ஆடுகளை அழித்தது. மற்றது இரவோடிரவாக எழுநூறு குட்டிகளைக் காத்தது. ஒன்று புனைவு, மற்றது வாழ்க்கைக் குறிப்பு என்பது உண்மைதான். ஆயினும், இரண்டின் உள்ளேயும் ஓடியது ஒரே இரத்தம். சிறா மனிதனைத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தது. ஓக்கின் இளநாய் ஆட்டை மட்டுமே பார்த்தது. வித்தியாசம் அவ்வளவுதான். குட்டி வளர்ப்பு என்பது அந்தத் திரும்பிப் பார்த்தலை உண்டாக்குவதே.

முதல் மாதங்கள்

இனி, குட்டியிடம் வருவோம். நல்ல வளர்ப்பாளர் ஏறத்தாழ எட்டு வாரம் நிறைந்த பின்னரே குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார். வாங்குபவர் குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பெற்றோரைப் பற்றி விசாரிக்க வேண்டும். இடுப்பு மூட்டைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, கொலி இனங்களில் பரம்பரையாக வரும் கண் நோய்க்குப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். தடுப்பூசிகளின் ஒழுங்கை மிருக வைத்தியர் சொல்வார்.

மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் முடியும் வரையுள்ள காலம் குட்டியின் வாழ்வில் மிக முக்கியமானது. ஜோன் ஸ்கொட், ஜோன் புல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965 இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக விளக்கிற்று. இக்காலத்தில் குட்டி எவற்றை அமைதியாகச் சந்திக்கிறதோ அவை அதன் உலகத்துக்குள் அடங்கிவிடும். சந்திக்காதவை பின்னாளில் அச்சந் தரும். முதியவர்கள், குழந்தைகள், தொப்பி அணிந்தவர்கள், குடை, மோட்டார் வாகனம், இடியோசை யாவற்றையும் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல அதற்கு அறிமுகம் செய்ய வேண்டும். போடர் கொலி ஓசைக்கும் அசைவுக்கும் மற்ற இனங்களைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டும். ஆகவே அதற்கு இது மேலும் அவசியம்.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் குட்டி பிள்ளைகளின் குதிக்கால்களைக் கவ்வத் தொடங்கும். ஓடுகின்ற சைக்கிளின் சில்லைத் துரத்தும். இது கெட்ட குணம் அன்று. மந்தையைத் திருப்பும் வேலை மந்தை இல்லாத இடத்தில் தலைகாட்டுகிறது. அடித்தால் நிற்காது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் அதிகமாகும். அசையாமல் நிற்பதும், கவ்வுவதற்கு வேறொரு பொருளைக் கொடுப்பதும், குட்டி அமைதியானவுடன் பாராட்டுவதுமே வழி. வேடிக்கைக்காக ரோச் வெளிச்சத்தைச் சுவரில் ஓடவிட்டுக் குட்டியைத் துரத்தச் செய்வோர் உண்டு. அதனை அறவே தவிர்க்க வேண்டும். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய், பின்னர் நாள் முழுவதும் நிழலையும் ஒளியையும் தேடித் திரியும் நோய்க்கு ஆளாகக்கூடும்.

பலர் மறந்துவிடுவது உறக்கம். சிறிய குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டும். மற்ற இனத்துக் குட்டி களைத்தால் தானாகப் படுத்துக்கொள்ளும். மேய்ச்சல் இனத்துக் குட்டியோ களைக்கக் களைக்க மேலும் துள்ளும், மேலும் கடிக்கும். அதைக் காணும் வீட்டார், சக்தி கூடிவிட்டது என்று எண்ணி மேலும் ஓடவிடுவார்கள். உண்மையில் அந்தக் குட்டிக்கு வேண்டியது கதவடைத்த ஓர் அமைதியான மூலை. ஓடி ஓடியே அதனைக் களைப்படையச் செய்வேன் என்று புறப்படுபவர், நாளடைவில் களைப்பே அறியாத ஓட்ட வீரனை உருவாக்கிவிடுவார். எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகளும் ஒரு வயதளவில்தான் மூடும். அதற்கு முன் நெடுந்தூர ஓட்டமும் உயரத்திலிருந்து குதித்தலும் மூட்டுகளுக்குக் கேடு.

நிற்கப் பழக்குதல்

அப்படியானால் அதன் துடிப்பை என்ன செய்வது? மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோன் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். 2004 இல் அவரிடம் வந்த சேசர் என்ற போடர் கொலிப் பெண்குட்டிக்கு அவர் தினமும் பல மணிநேரம் பொருள்களின் பெயர்களைக் கற்பித்தார். மூன்று ஆண்டுகளில் அது 1,022 பெயர்களை அறிந்துகொண்டதாக 2011 இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. துணிப் பொம்மைகள், பந்துகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பெயரைச் சொன்னால் குவியலிலிருந்து தேடி எடுத்துவரும். ஆடுகள் இல்லாத வீட்டில் பொம்மைகளே அதன் மந்தையாயின. நம்முள் எவரும் ஆயிரம் பெயர் கற்பிக்க வேண்டியதில்லை. ஒளித்துவைத்த உணவைத் தேடச் செய்தல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் கொண்ட சில பாடங்கள், ஒரு கட்டளைக்காகக் காத்திருத்தல் இவையே ஒரு குட்டிக்கு ஒரு மைல் ஓட்டத்தைவிட நிறைவு தரும்.

அந்தப் பாடங்களுள் முதன்மையானது நிற்றல். மேய்ப்பர்கள் குட்டிக்கு ஆட்டைக் காட்டுவதற்கு முன்பே, கூப்பிட்டால் வருவதையும் சொன்னால் படுப்பதையும் வீட்டு முற்றத்திலேயே பழக்கிவிடுகிறார்கள். உணவுத் தட்டு வைக்கும்போது ஒரு கணம் பொறுத்தல். கதவு திறக்கும்போது ஒரு கணம் பொறுத்தல். பந்து உருளும்போது ஒரு கணம் பொறுத்து எசமானின் முகத்தைப் பார்த்தல். இந்தச் சிறு கணங்களெல்லாம் சேர்ந்துதான், பின்னொரு நாள் மலைச்சரிவில் அரை மைல் தொலைவில் ஒலிக்கும் சீழ்க்கைக்கு நாய் நிலத்தோடு பதிந்து படுப்பதைச் சாத்தியமாக்குகின்றன.

ஆட்டினைவிட வேகமாக ஓடும் வலிமையும், ஒரு சொல்லுக்கு அடங்கும் பக்குவமும் வந்த பிறகு, பெரும்பாலும் எட்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், குட்டியை ஆட்டிடம் கொண்டுசெல்வார்கள். நாய்க்குப் பழகிய சில ஆடுகள், சிறிய அடைப்பு, நீண்ட கயிறு இவையே முதற் பாடசாலை. அங்கே ஓர் அதிசயத்தைக் காணலாம். எவரும் சொல்லிக் கொடுக்காமலே குட்டி ஆடுகளைச் சுற்றிச் சென்று மேய்ப்பனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்; ஆடுகளை அவனை நோக்கிக் கொண்டுவரும். அது வலஞ்சுழியாகச் செல்லும்போது மேய்ப்பன் 'கம் பை' என்பான். இடஞ்சுழியாகச் செல்லும்போது 'அவே' என்பான். நாய் தானாகச் செய்வதற்கு அவன் பெயர் சூட்டுகிறான், அவ்வளவுதான். ஓடுவதை எவரும் கற்பிப்பதில்லை. கற்பிக்க வேண்டியவை நிற்றலும் விடுதலும். வேலை முடிந்ததும் மேய்ப்பன் 'தட்ல் டூ' என்கிறான். போதும் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டு, கண்ணெதிரே நிற்கும் ஆடுகளை விட்டுத் திரும்பி, அவன் காலடிக்கு வரும் நாயே பழகிய நாய்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்டியின் மூத்த நாய் ஜோர்ஜ், முன்பு வாய் கெட்ட ஒரு மேய்ப்பனிடம் இருந்தது. அவன் சாதாரணமாகக் கூப்பிடுவதற்கும் திட்டிக் கூப்பிடுவதற்கும் இடையில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்ற கணக்கை அது துல்லியமாக அறிந்திருந்ததாம். சிரிப்பூட்டும் செய்தியானாலும் உண்மை இதிலுண்டு. இந்த இனம் சொல்லைக் கேட்பதற்கு முன் தொனியைக் கேட்கிறது. எப்போதும் உரத்த குரலில் அதட்டுபவருக்கு, ஆபத்து நேரும்போது உயர்த்துவதற்குக் குரல் மிச்சமிராது.

பொறுப்பு யாருடையது?

1976 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் 'வன் மான் அன்ட் ஹிஸ் டோக்' என்ற நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. மேய்ச்சல் நாய்ப் போட்டிகளைக் காட்டும் அந்நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஒரு சீழ்க்கைக்கு ஒரு நாய் எவ்வளவு பணிகிறது என்று மயங்கினார்கள். திரையில் தெரிவது சில நிமிடங்கள். அதற்குப் பின்னாலுள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் தெரிவதில்லை. அந்த மயக்கத்தில் வாங்கிய குட்டி, காலை முதல் மாலை வரை ஆளில்லாத வீட்டில் பூட்டிக் கிடக்கும்போது கதவைப் பிறாண்டும், ஓயாமல் குரைக்கும், வெளியே விட்டால் வாகனத்தைத் துரத்தும். பின்னர் அது முரட்டு நாய் என்ற பெயரோடு கைமாறும். பக்கத்துப் பண்ணையின் ஆடுகளைத் துரத்தினாலோ முடிவு இன்னும் கொடியது. தன் கால்நடையைக் காப்பதற்கு வேறு வழியின்றி நாயைச் சுட்ட உடைமையாளருக்கு, குறித்த நிபந்தனைகளின் கீழ், இங்கிலாந்தின் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஓக்கின் இளநாய்க்கு நேர்ந்தது நாவலோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே, இந்த இனத்துக் குட்டியை விரும்புபவர் தம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு நாயின் மேல் அன்பு இருக்கிறதா என்பதன்று. இதற்குக் கொடுக்க என்னிடம் வேலை இருக்கிறதா, அதைக் கற்பிக்கப் பொழுது இருக்கிறதா, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அப்பொழுது நீடிக்குமா என்பதே. இல்லை என்று விடை வந்தால், குட்டியை வாங்காமல் விடுவதும் அதன் மேல் காட்டும் அன்பே. ஆம் என்று விடை வந்தால், மனித முகத்தை இவ்வளவு கூர்ந்து வாசிக்கும் வேறொரு பிராணியை அவர் காண்பது அரிது.

அந்தத் துடிப்பை அதற்குள் வைத்தவன் மனிதன். தன் தேவைக்காக ஓநாயின் வேட்டையை அறுத்தெடுத்து அதன் இரத்தத்தில் ஊற்றியவன் அவனே. எனவே, எங்கே நிற்பது என்பதைச் சொல்லிக் கொடுக்கும் கடனும் அவனுடையதே. சுண்ணக்கல் பள்ளத்தின் விளிம்பில் நின்ற அந்த இளநாய் அன்றிரவு எதிர்பார்த்திருந்தது ஒரு சொல்லைத்தான். போதும் என்று சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை.